வீட்டிலேயே டாக்டர்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் அலமுவைத் தெரிந்த பெண்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதைச் சொல்லியிருப்பார்கள்: "உங்களுக்கென்ன மாமி, வீட்டிலேயே டாக்டர்." அலமு மறுத்ததில்லை. சிரித்துவிட்டுக் காபி கலக்க உள்ளே போய்விடுவாள்.

அவள் கணவர் ஜம்புநாதன் டாக்டர்தான். ஆனால் நாடி பிடித்து நாக்கை நீட்டச் சொல்கிற டாக்டர் இல்லை. பெதாலஜிஸ்ட். ஊரார் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, இது புற்று, இது வெறும் கட்டி என்று எழுதுகிறவர். இரத்தம், சிறுநீர் என்று ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்துக்கு வருவது எல்லாமே அவர் பொறுப்பில். நோயாளி என்று ஒரு முழு மனிதரை அவர் நேரில் பார்த்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொண்டார். அலமுவுக்கும் மகள் ஸ்ரீலேகாவுக்கும் காய்ச்சலோ தொண்டைக்கட்டோ வந்தால் வேறு டாக்டரிடம் போவது என்பது அவரை அவமானப்படுத்துகிற காரியம். மாடியில் துண்டுகளும் போர்வைகளும் வைக்கிற அலமாரியின் மேல்தட்டில் மருந்துப் பெட்டிகள் இருந்தன. கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிற சாம்பிள் மருந்துகள். சக டாக்டர்கள் இவருக்கும் கொஞ்சம் தள்ளிவிடுவார்கள். முப்பது வருஷத்தில் அலமு ஃபார்மசிக்குப் போனதெல்லாம் ஷாம்பூ வாங்கவும் பிறந்தநாள் அட்டை வாங்கவும்தான்.

திருச்சியில் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் வேலைக்குப் போகலாமா என்று கேட்டபோது, "எதுக்கு?" என்றார் ஜம்புநாதன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஸ்ரீலேகா சட்டம் படித்துவிட்டு டொராண்டோவுக்குப் போனபின், ஐம்பது வயதைத் தாண்டிய அலமு யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் கல்லூரி நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குகிற வேலைக்கு எழுதிப்போட்டாள். கிடைத்துவிட்டது.

"டாக்டர் பொண்டாட்டி புஸ்தகம் அடுக்கப் போறா" என்று ஜம்புநாதன் நண்பர்களிடம் கேலியாகச் சொன்னார். கேலியில் பாதி கோபம். அலமு கண்டுகொள்ளவில்லை. வண்டி நிறைய புத்தகங்களைத் தள்ளிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே போவது அவளுக்குப் பிடித்திருந்தது. மதியம் தயிர் சாத டப்பாவை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரை பெஞ்சில் உட்கார்ந்து, மதகு திறந்து நீர்மட்டத்தோடு படகுகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். அந்தப் பெஞ்சில் அவள் யாருடைய மனைவியும் இல்லை.

அந்தக் கல்லூரி கேன்டீனில் வேலை பார்த்தவள் றோசலின். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண், பக்கத்து ஊரான பியர்ஃபோனில் வீடு. போகிற வழி என்பதால் காலையில் அலமுவைக் காரில் ஏற்றிக்கொள்வாள். ஜம்புநாதன் அவளிடம் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். உள்ளே வாருங்கள் என்று சொன்னதில்லை.

தொண்ணூற்றேழு வசந்தத்தில் ஜம்புநாதன் சாப்பாட்டு மேசையிலேயே அலமுவின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் போனார். கொலஸ்ட்ரால் மிக அதிகம். அலமுவின் அப்பா மாரடைப்பில் போனவர். "உன்னையும் அப்படி விட்டுடுவேனா?" என்று கேட்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார். உண்மையான அக்கறைதான். அதில் சந்தேகம் இல்லை. கோடையில் மறுபடி இரத்தம் எடுத்தார். போதவில்லை. "இனிமே ரெண்டா போட்டுக்கோ." இலையுதிர்காலம் தொடங்குவதற்குள் அது நாலாகிவிட்டது. கொலஸ்ட்ரால் அளவு பாதியாக இறங்கியதும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், ஒரு பரிசோதனையில் ஜெயித்த மாணவனைப்போல. இந்த மாத்திரை என்ன செய்யும், என்ன செய்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அலமுவிடம் சொல்லவில்லை. அவள் நோயாளியா என்ன, மனைவிதானே.

அக்டோபரில் தோள் வலித்தது. பிறகு தொடைகள். பழக்கமில்லாத மலை ஏறி இறங்கிய மறுநாள் வலிப்பதுபோல, ஆனால் எந்த மலையும் ஏறாமலே.

"ஏன்னா, தோளும் தொடையும் ரொம்ப வலிக்கறது" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"மூட்டை மூட்டையா புஸ்தகம் தூக்கினா வலிக்காம என்ன பண்ணும்? நான்தான் அப்பவே சொன்னேனே. விட்டுடு வேலையை."

"தோள் சரி. புஸ்தகத்தைத் தொடையாலயா தூக்கறேன்?"

"வயசாறது அலமு. எல்லாத்துக்கும் கேள்வி கேக்காதே."

அந்த வார இறுதியில் அவர் டொராண்டோவுக்குப் போன் செய்து, "அம்மாவை வேலையை விடச் சொல்லு, உடம்பைக் கெடுத்துக்கறா" என்று ஸ்ரீலேகாவிடம் சொல்வது அலமுவின் காதில் விழுந்தது. அன்றோடு வலியைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்தினாள். வலிக்கிறது என்று சொன்னால் பறிபோவது எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நவம்பரில், வேலை முடிந்து வரும் வழியில், முன்பதிவு இல்லாமல் பார்க்கிற ஒரு க்ளினிக்கில் போய் உட்கார்ந்தாள். இருமுகிறவர்களுக்கு நடுவே வெகுநேரம் காத்திருந்த பிறகு ஓர் இளம் டாக்டர் பார்த்தார். தோளை அழுத்தினார், கையைத் தூக்கச் சொன்னார், என்ன வேலை என்று கேட்டார். புத்தகம் அடுக்குகிற வேலை என்றதும் தலையாட்டினார்.

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?"

அலமு தயங்கினாள். ஸ்டாடின் என்று சொன்னால் யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்பார். ஜம்புநாதன் என்ற பெயர் அந்தப் பக்கத்து டாக்டர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நாளைக்கே ஒரு போன். அப்புறம் வீட்டில், க்ளினிக்குக்கு எதற்குப் போனாய் என்று தொடங்கி, வேலையில் போய் முடியும்.

"இல்லை" என்றாள்.

அசெட்டமினோஃபென் என்கிற பாராசிட்டமாலும் கோடீனும் கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். கோடீன் அபின் வகை மருந்து, தூக்கம் வரும், மலச்சிக்கல் வரும், தாங்க முடியாவிட்டால் மட்டும் போடுங்கள் என்றும் சொன்னார். ஃபார்மசியிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கேயும் அதே பதில். அவர்கள் கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு எதிரே வேறு மருந்து எதுவும் இல்லை. வீட்டு அலமாரி எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும்?

கோடீன் வேலை செய்தது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் வலி பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல இருந்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சில நாட்களில் சாயங்காலம் இன்னொன்று. அதற்கு மேல் போடவில்லை, போட ஆசையும் வரவில்லை. வேலைக்குப் போனாள், புத்தகம் அடுக்கினாள், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆனால் வலி குறைந்தும் பலம் திரும்பவில்லை. மேல்தட்டுக்குப் பெரிய புத்தகங்களைத் தூக்கும்போது கை பாதியில் நின்றது. கீழ்த்தட்டுக்குக் குனிந்தால் எழுந்திருக்க அலமாரியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

றோசலின் கவனித்தாள். "அக்கா, காரிலயிருந்து இறங்கேக்க கதவில தொங்கிறியள். ஒருக்கா டொக்டரிட்டக் காட்டினா என்ன?"

"வீட்டிலேயே டாக்டர் இருக்காரே" என்றாள் அலமு.

றோசலின் சிரிக்கவில்லை. "சரி, உங்கட விருப்பம்."

அடுத்த ஜனவரியில் ஐஸ் மழை பெய்தது. மழையாக விழுந்தது தொட்ட இடத்திலேயே உறைந்தது. மரங்கள் கண்ணாடிபோல மின்னி, பாரம் தாங்காமல் வெடித்து விழுந்தன. கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போயிற்று, அதோடு வீட்டுச் சூடும் போயிற்று, வருகிற மாதிரி இல்லை. கல்லூரியை மூடினார்கள். தெருவில் பலர் கணப்பு இருக்கிற உறவினர் வீட்டுக்கோ, நகரசபை திறந்துவிட்ட கூடங்களுக்கோ போய்விட்டார்கள்.

றோசலின் போன் செய்தாள். "அக்கா, எங்கட சேர்ச் ஹோலில ஜெனறேற்றர் ஓடுது. சூடாச் சாப்பாடு இருக்கு. நான் வந்து ரெண்டு பேரையும் ஏத்துறன்."

அலமு கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்டாள்.

"சர்ச்சுல போய் ஊரோட படுத்துக்கணுமா? விறகு இருக்கு, நெருப்பு இருக்கு. சும்மா இரு" என்றார் ஜம்புநாதன்.

கூடத்துக் கணப்புக்கு முன்னால் மெத்தைகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். புகையும் குளிரும் சேர்ந்து அலமுவுக்கு இருமல் பிடித்தது. காய்ச்சலும் வந்தது. ஜம்புநாதன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மேல்தட்டில் தேடி, எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பெட்டியோடு இறங்கி வந்தார். "நாலு வேளையும் தவறாமப் போடு. கொலஸ்ட்ரால் மாத்திரையையும் விட்டுடாதே. கரண்ட் இல்லேன்னு ஹார்ட் சும்மா இருக்காது."

அவள் எதையும் விடவில்லை. சொன்னபடி செய்கிற நோயாளி.

இரண்டு நாளில் வலி கதவை உடைத்துக்கொண்டு வந்தது. தொடை, இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் உள்ளே யாரோ பிழிகிற மாதிரி. குளிரில் தரையில் படுத்ததால் என்று நினைத்தாள். கோடீனைக் கூடுதலாகப் போட்டாள். க்ளினிக் டாக்டர் இன்னொரு முறை எழுதிக் கொடுத்திருந்த பாட்டில் அப்படியே கைப்பையில் இருந்தது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். குடித்தால் டாய்லெட்டுக்குப் போக வேண்டும், போனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து, வாஷ்பேசினைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டுதான் எழுந்தாள்.

கீழே இருந்த டாய்லெட்டுக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் இருட்டு. ஒருமுறை டார்ச்சைக் கீழே காட்டியபோதுதான் நிறத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏன்னா, கொஞ்சம் வந்து பாருங்கோளேன். டிகாக்ஷன் மாதிரிப் போறது."

ஜம்புநாதன் பாட்டரி ரேடியோவைக் காதருகே வைத்துக்கொண்டு, எந்தப் பகுதிக்கு எப்போது மின்சாரம் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணியே குடிக்கறதில்லை நீ. நிறையக் குடி, சரியாப் போயிடும்."

வேலைக்காலம் முழுக்க ஊராரின் சிறுநீர்க் குப்பிகளைப் பார்த்தவர் எழுந்து பத்தடி வரவில்லை.

அடுத்த நாள் அலமு தூங்கத் தொடங்கினாள். எழுப்பினால் கண்ணைத் திறந்து ஏதோ சொல்லிவிட்டு மறுபடி தூங்கினாள். இருமல் நின்றிருந்தது. மருந்து பிடித்துவிட்டது, இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறாள் என்று ஜம்புநாதன் இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டார்.

மதியத்துக்குப் பிறகு றோசலின் வந்தாள். போனை அலமு எடுக்கவில்லை என்று, ஐஸில் வழுக்கி வழுக்கி, சோறும் ரசமும் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஜம்புநாதன் கதவைத் திறந்து, "தூங்கறா, அப்புறம் குடுக்கறேன்" என்றார். றோசலின் அவரைத் தாண்டி உள்ளே போனாள். அந்த வீட்டுக்குள் அவள் வந்தது அதுவே முதல்முறை.

"அக்கா. அக்கா, எழும்புங்கோ."

அலமுவின் தோளை உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

"ஐயா, இது நித்திரையில்லை. இஞ்ச வாங்கோ! அம்புலன்சுக்கு அடியுங்கோ!"

ஜம்புநாதன் வந்து மண்டியிட்டு, அலமுவின் இமையை விலக்கி டார்ச் அடித்தார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அது எதற்கு அடையாளம் என்று எந்த டாக்டருக்கும் தெரியும்.

"அபின் மருந்து" என்றார். "இவளுக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?"

றோசலின் அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கோடீனை முறிக்கிற ஊசியைப் போட்டார்கள். அலமு விழித்தாள். விழித்ததும் அலறினாள். அத்தனை நாளும் பூட்டி வைத்திருந்த வலி முழுவதும் ஒரே நொடியில் வந்து இறங்கியது. அந்த அலறலை நடைக்கூடத்தில் நின்ற ஜம்புநாதன் கேட்டார்.

சிறுநீரக டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நர்ஸ் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கோடீன் பாட்டிலையும், ஜம்புநாதன் சொன்ன இரண்டு மருந்துகளையும் வைத்துக்கொண்டு பேசினாள். அலமுவின் கட்டில் ஓரத்தில் நின்று, அலமுவைப் பார்த்தேதான் பேசினாள்.

"உங்கள் தசைகள் கரைந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கழிவுதான் சிறுநீரில் கறுப்பாக வந்தது. அது சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை அபூர்வமாக இப்படிச் செய்யும். அளவு கூடக்கூட அபாயமும் கூடும். எரித்ரோமைசினோடு சேர்ந்தால் ஈரலால் அதை வெளியேற்ற முடியாமல் இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்த நாட்களில் ஸ்டாடினை நிறுத்தியிருக்க வேண்டும்."

"அந்த வலி மாத்திரை?" என்று அலமு கேட்டாள்.

"ஸ்டாடினும் கோடீனும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறவர்கள் என்னிடமே உண்டு. கொடுக்கிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டாடின் சாப்பிடுகிறவருக்குக் காரணம் தெரியாமல் தசை வலித்தால் முதலில் ஸ்டாடினை நிறுத்தி இரத்தம் பார்ப்போம். உங்கள் விஷயத்தில் அந்த எச்சரிக்கை வந்தது. கோடீன் அதை வெளியே கேட்காமல் செய்துவிட்டது. கடைசியில் சிறுநீரகம் நின்றதும் கோடீனும் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி மூச்சை அடக்கிவிட்டது." அவள் நிமிர்ந்து கேட்டாள்: "இந்த மூன்றும் ஒருவருக்கே போகிறது என்று யாருக்காவது தெரிந்திருந்ததா?"

ஜம்புநாதன் சொன்னார்: "கோடீன் நான் குடுக்கலை."

அதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். அந்த டாக்டர் போனபின் அலமுவைப் பார்த்துச் சொன்னது இரண்டாவது.

"என்கிட்டேர்ந்து மறைச்சுட்டியே."

 அலமு கையைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தாள்.

டொராண்டோவிலிருந்து ஸ்ரீலேகா வந்தாள். பல வாரம் டயாலிசிஸ் நடந்தது. மகள்தான் கூட இருந்தாள். ஒரு நாள் நடைக்கூடத்தில் அப்பாவை நிறுத்திக் கேட்டாள். "அம்மா கால் வலிக்கறதுன்னு உங்ககிட்ட சொன்னாளா இல்லையா?"

"சொன்னா. கோடீன் சாப்பிடறேன்னு சொல்லலை."

"யூரின் கறுப்பா இருக்குன்னு சொன்னாளா?"

"கோடீன் விஷயம் தெரிஞ்சிருந்தா நான் எழுந்து போய்ப் பார்த்திருப்பேன்."

"அப்பா, கறுப்பா இருக்குன்னு சொன்னதே போறாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய கணக்கில் எல்லாம் கோடீனில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் எதுவும் நடக்கவில்லை.

சிறுநீரகம் ஓரளவு திரும்பியது, முழுதாக இல்லை. மார்ச்சில் அலமு ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். மாடி ஏற முடியாது என்பதால் கீழே, அவருடைய படிப்பறையாக இருந்த அறையில் கட்டில் போட்டார்கள். வலி இருந்தது. ஆனால் பழுதான சிறுநீரகத்துக்குக் கோடீன் இனி ஆகாது, மற்ற வலி மாத்திரைகளில் பலவும் ஆகாது. சாதாரண அசெட்டமினோஃபென், அதுவும் அளவோடு. மீதி வலியை அப்படியே பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்க்க வந்தவர்கள் விசித்திரமாக நடந்துகொண்டார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அதிக நேரம் விடாமல் இருந்தார்கள். நோயாளியிடம் காட்டுகிற பரிவு அது இல்லை என்று அலமுவுக்குத் தோன்றியது, வேறு என்ன என்று புரியவில்லை. ஒரு நாள் அம்ருதா வந்தாள். ஓர் இன்ஜினியரின் மனைவி, ஸ்ரீலேகாவைவிடக் கொஞ்சம் மூத்தவள், நல்ல பெண்.

"மாமி, இதுல வெட்கப்படறதுக்கு ஒண்ணும் இல்லை. என் ஃப்ரெண்டோட அண்ணா ஒருத்தர் குடியிலேர்ந்து முழுசா வெளியே வந்துட்டார். இப்பல்லாம் இதுக்குன்னு க்ரூப் இருக்கு. நான் வேணா விசாரிச்சுச் சொல்றேன்."

"எதுக்கு க்ரூப்?"

"இந்த மாத்திரைப் பழக்கத்துக்கு."

அலமு கட்டில் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யார் சொன்னா உனக்கு?"

"மாமாதான். பாவம், ரொம்ப மனசு உடைஞ்சு போயிருக்கார். டாக்டரா இருந்தும் கவனிக்காம விட்டுட்டேனேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டு இருக்கார்."

"எல்லார்கிட்டயும்" என்று அலமு திருப்பிச் சொன்னாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏன்னா, இங்க வாங்கோ."

ஜம்புநாதன் வந்து வாசற்படியில் நின்றார்.

"நான் எத்தனை கோடீன் போட்டுண்டேன்னு அம்ருதாகிட்ட சொல்லுங்கோ. நீங்க கொலஸ்ட்ரால் மாத்திரையை எவ்வளவு ஏத்தினேள், அது மேல எதைக் குடுத்தேள்னும் சொல்லுங்கோ. நான் டிகாக்ஷன் மாதிரிப் போறதுன்னு கூப்பிட்டப்போ நீங்க எங்க இருந்தேள்னு சொல்லுங்கோ."

குரல் உயர்ந்துவிட்டது. 

"களைச்சுப் போயிருக்கே அலமு. படுத்துக்கோ" என்றார் அவர், மிகவும் மென்மையாக.

அம்ருதா தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மென்மையே போதுமாக இருந்தது. அடுத்த வாரத்துக்குள் ஊரில் இன்னொரு செய்தி: மாமிக்கு இன்னும் சரியாகவில்லை, பாவம் அந்த மனுஷர்மேல் எரிந்து விழுகிறாள், அந்தப் பழக்கம் அப்படித்தான், விடும்போது இப்படிச் செய்யும்.

மே மாதம் றோசலின் அவளைக் கல்லூரிக்குக் கூட்டிப் போனாள். நூலகத்தில் எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். அவளுடைய புத்தக வண்டியை வேறொரு பெண் தள்ளிக்கொண்டிருந்தாள். அலமு ஒரு புத்தகத்தை எடுத்துத் தோள் உயரத் தட்டில் வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. யாரும் பார்ப்பதற்குள் வண்டியிலேயே திரும்ப வைத்தாள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் றோசலின் சொன்னாள்: "அக்கா, உங்களைப் பற்றி என்னெண்டு கதைக்கினம் எண்டு எனக்கும் தெரியும். நான் கண்ணால கண்டனான். ஆர் கேட்டாலும் சொல்லுவன்."

"உன்னை யார் கேக்கப் போறா றோசலின்?"

அது உண்மை. ஜம்புநாதனின் நண்பர்கள் வட்டத்தில் றோசலினிடம் எதையாவது கேட்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. இரண்டு பேரும் தமிழ்தான் பேசினார்கள், இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது கார் போகிற தூரம்தான். ஆனாலும் இல்லை.

அந்தக் கோடையில் அலமு தனக்கென்று ஒரு டாக்டரையும் ஒரு ஃபார்மசியையும் தானே தேடிக்கொண்டாள். இரண்டு இடத்திலும் எதையும் மறைக்கவில்லை. கொலஸ்ட்ராலுக்கு என்ன செய்வது என்பதை அந்த டாக்டரும் சிறுநீரக டாக்டரும் போனில் பேசி முடிவு செய்தார்கள். கணவர் கையிலிருந்து எந்த மாத்திரையையும் அவள் பிறகு வாங்கவில்லை. தலைவலித் தைலத்தைக்கூட அவளேதான் எடுத்துக்கொண்டாள். ஜம்புநாதன் ஒரு நாள் மாடி அலமாரியிலிருந்த பெட்டிகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனார்.  "எங்கூட வந்துடும்மா" என்று ஸ்ரீலேகா கெஞ்சினாள். அலமு மறுத்தாள். இங்கிருந்து போனால் ஊர் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும் என்றாள். அது காரணமா, இல்லை போவதற்கு உடம்பில் தெம்பில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுவருஷம் ஸ்ரீலேகாவின் கல்யாணம் ஆற்றுக்கு அப்பால் லவாலில் ஒரு கூடத்தில் நடந்தது. டொராண்டோவிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் உறவுகள் வந்திருந்தன. அலமு முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், தாரை வார்க்கும்போது மட்டும் இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையின் அத்தை தலையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயாவது ஒரு தலைவலி மாத்திரை இருக்கா?" என்று கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தணிந்து வந்தது. "அலமு மாமிகிட்ட மட்டும் கேட்டுடாதேங்கோ."

யாரோ உஷ் என்றார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அலமு திரும்பிப் பார்க்கவில்லை. ஜம்புநாதன் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்தது. அவர் தன் வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டார்.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். பாலத்தில் வண்டிகள் நெருக்கி நின்றன. ஜம்புநாதன் முன்னால் பார்த்தபடி சொன்னார்.

"அந்த எரித்ரோமைசின்... குடுக்கும்போது நான் யோசிச்சிருக்கணும். மருந்து அட்டையிலேயே போட்டிருக்கு. படிக்கலை."

இந்த வார்த்தைக்காக அலமு ஒன்றரை வருஷம் காத்திருந்தாள். வந்தால் அழுகை வரும், ஏதாவது இளகும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"அது தப்புதான். தப்பு யாருக்கும் வரும்" என்றாள். "நான் கேக்கறது அது இல்லை. நாலு பேர்கிட்ட என்னைப் பத்திச் சொன்னேளே, அதை அந்த நாலு பேர்கிட்டயும் போய் இல்லேன்னு சொல்லுங்கோ."

முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். ஜம்புநாதன் கியரை மாற்றினார்.

"இப்பப் போய் அதையெல்லாம் கிளறினா நன்னாவா இருக்கும்?" என்றார். "எல்லாரும் மறந்துட்டா."

அலமு கண்ணாடியை இறக்கினாள். ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. பட்டுப் புடவைக்கு அடியில் தொடை வலித்துக்கொண்டிருந்தது. ஜம்புநாதன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அவர் இறங்கி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினார். அவள் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூன்று முறை முயன்று, தானாகவே எழுந்து நின்றாள்.